மலைக்கு ஒன்று, கரைக்கு ஒன்று

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரே பேச்சைப் பேசி ஓட்டு வாங்க முடியாது என்று சொல்லாத கட்சிக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதற்குக் காரணமும் கைவசம் வைத்திருப்பார்கள். கிழக்கே தோவாளைப் பக்கம் நெல்லும் பூவும், மேற்கே விளவங்கோட்டில் ரப்பரும் மரச்சீனியும், தெற்கே ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை கடல். நாகர்கோவில்காரர் பேசுவது களியக்காவிளையில் அந்நியமாகக் கேட்கும். களியக்காவிளைப் பேச்சை நாகர்கோவிலில் மலையாளம் என்பார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் இங்குள்ள ஆறு தொகுதிகளை நான்கு கட்சிகள் பங்கிட்டுக்கொண்டன: கன்னியாகுமரி அ.தி.மு.க.வுக்கு, நாகர்கோவில் பா.ஜ.க.வுக்கு, பத்மநாபபுரம் தி.மு.க.வுக்கு, குளச்சலும் விளவங்கோடும் கிள்ளியூரும் காங்கிரசுக்கு. மாநிலத்திலேயே சிறிய மாவட்டங்களில் ஒன்று, அதற்குள் இத்தனை கூறு. இதைக் காட்டித்தான், "மலைக்கு ஒன்று, கரைக்கு ஒன்று, டவுனுக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் அண்ணாச்சி பேச வேண்டும்" என்பார்கள். மறுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்காது. ஆனாலும் அந்த வாதத்துக்கு என் மனம் ஒப்பியதே இல்லை.

என் தொழில் இதற்குச் சற்று அருகில் இருப்பதால் இந்த உறுத்தல். கோவில் கொடைக்கும் பங்குத் திருவிழாவுக்கும் கடை திறப்புக்கும் நோட்டீஸ் எழுதி, தட்டச்சு செய்து, பிழை திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. தேர்தல் வந்தால் கட்சிக்காரர்களும் வருவார்கள். எந்தக் கட்சியிலும் எனக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. அதனாலேயே நம்பி வருகிறார்கள் என்று நினைக்கிறேன். உட்கட்சிச் சண்டையில் நான் எந்தப் பக்கமும் இல்லை அல்லவா. ஒரே நாளில் காலையில் ஒரு வேட்பாளருக்கும் மாலையில் அவரை எதிர்ப்பவருக்கும் வாக்குறுதி எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சொல்ல வந்தது 2019 மக்களவைத் தேர்தலைப் பற்றி. அந்த ஆண்டு வாக்குப்பதிவு ஏப்ரல் 18, கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வியாழன். தேதியை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்து, நீதிமன்றம் வரை போய், மாறாமலேயே நடந்த தேர்தல் அது. என்னை அழைத்தது ஒரு சிறிய கட்சியின் மாவட்டக் குழு. வெல்லும் கட்சி அல்ல. வெல்ல மாட்டோம் என்று அவர்களுக்கும் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: பணம் இல்லாததால் அதிகமாக யோசிப்பார்கள்.

வெட்டூர்ணிமடம் மாடி அறை

சென்னையிலிருந்து தலைமை ஒரு முழக்கத்தை அனுப்பியிருந்தது. மாநிலம் முழுவதற்கும் அதுதான். வளர்ச்சி, மாற்றம், எதிர்காலம் என்ற மூன்று சொற்களை எந்த வரிசையில் வைத்தாலும் அந்த முழக்கம் வந்துவிடும். அதன் கீழே மாவட்டப் பிரச்சினைகளை எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதி. நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் ஒரு மாடி அறையில் குழு கூடியது. மின்விசிறி ஒன்றுதான், அதன் நேர் கீழே மாவட்டச் செயலாளர்.

ஒன்றியம் ஒன்றியமாக வந்தவர்கள் தத்தம் பட்டியலை வாசித்தார்கள். குலசேகரம் பக்கத்திலிருந்து வந்தவர் ரப்பர் விலையைச் சொன்னார். 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய விலை, அப்போது அதில் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. கூடவே தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். 1949-இல் சென்னை மாகாணம் போட்ட சட்டம் அது. அன்று நாம் திருவிதாங்கூர் பக்கம் இருந்தோம். 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு அந்தச் சட்டமும் நம்மேல் வந்தது. சொந்தப் பட்டா நிலத்தை விற்கவும் மரத்தை வெட்டவும் கமிட்டியின் அனுமதிக்காகக் காத்திருக்கும் சிறு ரப்பர் விவசாயிகளின் கதை மலையோரத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும். விளவங்கோட்டுக்காரர் நெய்யாறு இடதுகரைக் கால்வாயைச் சொன்னார். 2004-இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியதிலிருந்து அது காய்ந்து கிடக்கிறது. தோவாளைக்காரருக்கு நான்கு வழிச் சாலை: குளத்திலும் வயலிலும் மண்ணைக் கொட்டி மேடாக்குகிறார்கள் என்றார். நகரச் செயலாளருக்கு வேலைவாய்ப்பு. கரையிலிருந்து வந்தவர்களுக்குத் துறைமுகம்.

துறைமுகம் என்றதும் அறை இரண்டானது. 2016-இல் மத்திய அமைச்சரவை இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்கக் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பு வலுத்ததும் இடத்தைக் கிழக்கே நகர்த்தி, கோவளத்துக்கும் கீழமணக்குடிக்கும் நடுவில் என்றார்கள். எதிர்ப்பும் அங்கே நகர்ந்தது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. நகரச் செயலாளர் துறைமுகத்தை ஆதரிப்பவர். அவரை எளிதில் தள்ளிவிட முடியாது. பொறியியல் படித்துவிட்டு வளைகுடாவுக்கு விசா தேடும் பையன்களை அவர் பெயர் சொல்லி எண்ணிக் காட்டினார். அவர் மகனும் அந்தப் பட்டியலில் இருந்தான். கரைக்காரர்களோ, அலை தடுப்புச் சுவரும் தூண்டில் வளைவும் கட்டிய இடங்களுக்கு அடுத்த ஊரில் கடல் எப்படி ஏறி வந்தது என்று பார்த்தவர்கள். தலைமைக்குப் போன் போட்டார்கள். "சூழலுக்கு ஏற்பப் பேசிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது.

சூழலுக்கு ஏற்ப என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் புரிந்தது. கரையில் கொடுக்கும் நோட்டீசில் துறைமுகம் வேண்டாம் என்று இருக்கும். நாகர்கோவிலில் கொடுப்பதில் அந்த வரியே இருக்காது. மலையில் ரப்பர் மட்டும். தோவாளையில் குளம் மட்டும். ஐந்து நோட்டீஸ் எழுதித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார் மாவட்டச் செயலாளர். ஒன்று எழுதுவதைவிட ஐந்து எழுதுவது எனக்கு எளிது; கூலியும் கூடுதல். இன்னொருவர், ஐந்தையும் ஒரே தாளில் சேர்த்துவிடலாமே என்றார். அப்படியும் ஒன்று அடித்துப் பார்த்தேன். களியக்காவிளை பஸ்ஸில் எல்லா ஸ்டாப்பையும் எழுதிவைத்த பெயர்ப்பலகைபோல இருந்தது. அவரவர் தம் ஊரை மட்டும் தேடிக் கண்டுபிடித்து, மீதியை விட்டுவிடுவார்கள்.

எழுதாமல் பேசுவது

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் கதை பொய்யாகிவிடும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே செய்தி இங்கே இல்லாமல் இல்லை. அது நோட்டீசில் வராது, அவ்வளவுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47. இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்லும் பூத் பொறுப்பாளர்களுக்குத் தம் பூத்தில் எத்தனை வீட்டுக்குக் குடிநீர் வரவில்லை என்று கேட்டால் தெரியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு மதத்தையும் சாதியையும் சொல்லி வாக்குக் கேட்பதை முறைகேடு என்கிறது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று விரித்துச் சொன்னது. தாளில் எழுதினால்தானே பிடிபடும்? கடைசி இரண்டு இரவுகளில் வாய்வழியாகப் போகும் பேச்சுக்கு அச்சகத்தின் பெயர் போட வேண்டியதில்லை. "நம்ம ஆளு யாரு?" என்ற கேள்வி மலையிலும் கரையிலும் ஒரே மாதிரிதான் கேட்கப்படுகிறது. 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கும்போதே இப்படி.

ஆகவே, ஐந்து ஊருக்கு ஐந்து நோட்டீஸ் என்பது பலரும் நினைப்பதுபோல வெறும் தந்திரம் அல்ல. தாளில் ஒவ்வொரு ஊருக்கும் அதன் குறையை மட்டும் காட்டி, பக்கத்து ஊரின் குறையைக் கண்ணில் படாமல் வைத்தால், இரண்டு ஊருக்கும் நடுவில் மிஞ்சுவது அந்த எழுதாத பேச்சு மட்டும்தான். குலசேகரத்துக்காரருக்குக் கடற்கரை ஊரான தூத்தூரைப் பற்றித் தெரிந்தது அங்கே எல்லோரும் எந்தக் கோவிலுக்குப் போகிறார்கள் என்பது. அங்கே எத்தனை பேர் கடலில் போய்த் திரும்பவில்லை என்பது செய்தித்தாளில் படித்து மறந்த விஷயம்.

பெரியவர்

மறுநாள் மாலை மீண்டும் கூடினோம். ஐந்து நோட்டீசின் புரூஃபும் மேசைமேல் இருந்தது. கரையிலிருந்து அன்று புதிதாக ஒரு பெரியவர் வந்திருந்தார். தூத்தூர் மண்டலத்துக்காரர். பல காலம் ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போனவர். உடம்பு முடியாமல் கரையில் நிற்கிறார். கட்சியில் பொறுப்பு எதுவும் இல்லை. மருமகன் அழைத்து வந்திருந்தார். கரைக்கான நோட்டீசை அவர் கையில் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை நகர்த்தி வாசித்தார். துறைமுகத்தை எதிர்ப்போம். 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு நீதி. ஆழ்கடலில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்கும் தொலைத்தொடர்பு. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். வாசித்து முடித்துத் தாளை மடித்தார்.

"இது எங்களுக்கு எதற்கு மக்களே? ஆள் போனது எங்கள் வீட்டிலிருந்து. எங்களிடமே வந்து சொல்லுகிறீர்களே. இதை நாகர்கோவிலில் கொடுங்கள்."

நகரச் செயலாளர் சிரித்தார். நகரத்தில் இதைக் கொடுத்தால் கிடைக்கும் ஓட்டும் போய்விடும் என்றார். பெரியவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அடுத்து மலைக்கான நோட்டீசை எடுத்தார். அதிலும் ஒக்கி இருந்தது, ரப்பர் மரங்கள் சாய்ந்த கணக்கோடு. விரல் அந்த வரியில் நின்றது. குலசேகரத்துக்காரரைப் பார்த்து, "உங்கள் பக்கமும் விழுந்ததா?" என்று கேட்டார். அவர் சொல்லத் தொடங்கினார்: இரவில் மரங்கள் முறிந்த சத்தம், காலையில் தோட்டத்தில் வானம் தெரிந்தது, மின்கம்பங்கள் சாய்ந்து நாட்கணக்கில் இருட்டில் கிடந்தது, வாழை மொத்தமும் படுத்தது. "புதுக் கன்று வைத்தால் பால் வெட்ட எத்தனை வருஷம்?" ஏழு வருஷம் ஆகும் என்றார் இவர். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏழு வருஷமா! எங்கள் கரையில் ஒருத்தனுக்கும் இது தெரியாது."

பிறகு குலசேகரத்துக்காரர் திருப்பிக் கேட்டார். புயல் வரும் என்று ரேடியோவில் சொன்னார்களே, ஏன் திரும்பவில்லை? அவர் கேட்டதில் குத்தல் இல்லை. ஒன்றரை ஆண்டாக மலையோரத் தேநீர்க் கடைகளில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். எங்கள் படகுகள் கொச்சியிலிருந்தும் போகும், ஒருமுறை போனால் வாரக்கணக்கில் கடலில்தான் தங்கல் என்றார் பெரியவர். நவம்பர் 29-ஆம் தேதி எச்சரிக்கை வந்த நேரத்தில் கரையில் நின்றவன் கேட்டிருப்பான். ஆழ்கடலில் கிடந்தவனுடைய வயர்லெஸ்ஸுக்கு அந்தத் தூரம் எட்டாது. இரண்டு பேரும் ஒரே புயலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கொருவர் முதல் முறையாக. குழித்துறை ரயில் நிலையத்தில் அந்த டிசம்பரில் கரைமக்கள் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது, ரயில் கிடைக்காமல் திரும்பிய மலையோரத்தவர்களில் தானும் ஒருவன் என்றார் குலசேகரத்துக்காரர். அன்று கோபம் வந்ததாம். அதையும் சொன்னார்.

எனக்கு அந்தக் கணத்தில் ஐந்து புரூஃபும் வேறாகத் தெரிந்தன. எழுதியதில் பெரிய மாற்றம் தேவையில்லை. கொடுக்கும் இடத்தை மாற்றினால் போதும்.

ஒரே தாள், மூன்று பிளேட்

அன்று இரவே முடிவானது என்று சொல்ல ஆசைதான். இரண்டு நாள் சண்டை நடந்தது. கடைசியில் வந்த ஏற்பாடு இது: ஒரே நோட்டீஸ், எல்லா ஊருக்கும் ஒரே சொற்கள். ஆனால் பத்திகளின் வரிசை மட்டும் மூன்று விதம். நகரத்துக்கும் தோவாளைக்கும் போகும் தாளில் கடல் முதலில் வரும். கரைக்குப் போகும் தாளில் ரப்பரும் தனியார் காட்டுச் சட்டமும் முதலில். மலைக்கும் விளவங்கோட்டுக்கும் போவதில் நான்கு வழிச் சாலையில் புதைந்த குளங்கள் முதலில், அடுத்தது கடல். அவரவர் குறை அவரவர் தாளில் கடைசியில். துறைமுகத்துக்கு ஒரு வாக்கியத்தை நகரச் செயலாளரும் கரைக்காரர்களும் சேர்ந்து அடித்துத் திருத்தினார்கள்: கரைமக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்தத் துறைமுகமும் வரக் கூடாது. வேலைவாய்ப்புக்குத் துறைமுகத்தைத் தவிர வேறு வழி என்ன என்பதற்கு இரண்டு வரி வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்று வாங்கிக்கொண்டார். அந்த இரண்டு வரி பலவீனமானது, அவருக்கும் தெரியும்.

அச்சக உரிமையாளர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரே நோட்டீசுக்கு எதற்கு மூன்று பிளேட், பத்தி எங்கே இருந்தால் என்ன, படிப்பவன் படிக்கத்தானே போகிறான் என்றார். படிக்க மாட்டான் என்பதுதான் விஷயம். தேர்தல் நோட்டீசில் முதல் பத்திக்குக் கீழே கண் இறங்குவது அபூர்வம். சட்டப்படி அச்சகத்தின் பெயரும் முகவரியும் வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் மூன்றிலும் போட்டோம். தலைமையின் முழக்கத்தை உச்சியில் சிறிய எழுத்தில் வைத்தேன்.

கொடுத்தபோது நடந்ததை முழுக்கச் சொல்ல முடியாது, எல்லா இடத்துக்கும் நான் போகவில்லை. வடசேரி சந்தையருகே ஒரு பலசரக்குக் கடைக்காரர் முதல் பத்தியைப் படித்துவிட்டுத் தாளை நீட்டினார். "தம்பி, கட்டு மாறிவிட்டது. இது மீன்பிடிக்கிறவர்களுக்கு உள்ளது." பையன், "மாறவில்லை அண்ணாச்சி, உங்களுக்குத்தான்" என்றான். அவர் மறுபடி படித்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். ஓட்டுப் போட்டாரா என்று யாருக்குத் தெரியும். கரையில் மீன் ஏலம் முடிந்த நேரத்தில் கொடுத்தவர்களிடம், பட்டா வைத்திருப்பவனுக்கு மரம் வெட்ட அனுமதி எதற்கு என்று பெண்கள் விவரம் கேட்டிருக்கிறார்கள். கொடுத்த பையன்களுக்குப் பதில் தெரியாமல் குலசேகரத்துக்காரருக்குப் போன் போட்டிருக்கிறார்கள்.

மூணாறில் கைதானவர்கள்

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, பிரஸ்ஸுக்கு வந்த ஒரு பழைய காங்கிரஸ்காரர், குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய நேசமணியின் காலத்தை நினைவுபடுத்தினார். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டத்தை நாம் குமரியை மீட்ட கதையாகவே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்ததைச் சொல்கிறோம். அதற்கு முந்தைய மாதம் நேசமணியும் தோழர்களும் எங்கே கைதானார்கள்? மூணாறில். தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களுக்காகத் தடையை மீறிப் போய்க் கைதானார்கள். தேயிலைச் செடியைப் பார்த்தே இராத விளவங்கோட்டுக்காரர்கள் தேவிகுளத்தின் பெயரைச் சொல்லித் தெருவில் இறங்கினார்கள். தேவிகுளமும் பீர்மேடும் நமக்குக் கிடைக்கவில்லை, நெய்யாற்றின்கரையும் கிடைக்கவில்லை. இங்கே நான்கு வட்டங்களும், வடக்கே செங்கோட்டையில் ஒரு பகுதியும் கிடைத்தன. அந்த இயக்கத்துக்குள்ளும் நாஞ்சில்நாடு, கல்குளம் என்றும், சாதி என்றும் பிளவுகள் இல்லாமல் இல்லை. இருந்தும் தன் ஊரில் இல்லாத ஒரு குறையைத் தன் ஊர்த் தெருவில் நின்று சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கவில்லை.

தேர்தல் முடிந்து, எதிர்பார்த்தபடியே அந்தச் சிறிய கட்சி தோற்றது. கிழக்கே இருந்த கொஞ்ச ஓட்டும் கடல் பத்தியால் போனது என்று நகரச் செயலாளர் இன்றும் சொல்கிறார். அவர் கணக்கு தவறு என்று நிரூபிக்க என்னால் முடியாது; சரி என்று நிரூபிக்க அவராலும் முடியாது. மாவட்டச் செயலாளர் வேறு கட்சிக்குப் போய்விட்டார். குலசேகரத்துக்காரர் மட்டும் ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் தூத்தூருக்குப் போய்வருகிறார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது கிள்ளியூர் வட்டக் கடலோரக் கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டம் பேச்சில் இருக்கிறது. அதை எதிர்க்கும் சுவரொட்டிகளைக் கிள்ளியூர் பக்கம் சுவர் சுவராகப் பார்க்கிறேன். தோவாளைப் பக்கம் பூதப்பாண்டிக்குப் போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒன்றுகூட இல்லை. அடுத்த தேர்தலுக்கு நோட்டீஸ் எழுத இன்னொரு கட்சியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஊர்வாரியாகப் பிரித்து எழுதித் தர வேண்டும் என்றார்கள். எழுதலாம், ஆனால் கிள்ளியூர் மணலைத் தோவாளைக்கும், தோவாளைக் குளத்தைக் கிள்ளியூருக்கும் கொடுப்பதாக இருந்தால் கூலியில் பாதி குறைத்துக்கொள்கிறேன் என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.